பிளாஷ் மெமரி: தேய்மானத்துக்குப் பயந்து மற்றதைக் கோட்டை விடாதீர்கள்

பிளாஷ் மெமரியில் தரவைச் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டியை வாங்குகிற பலரும் முதலில் கேட்பது, "எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே, எத்தனை வருஷம் வரும்?" என்றுதான். தேயும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது சாதாரணம். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 12,000 நாள் ஆகும், அதாவது 32 வருஷத்துக்கு மேல். வீட்டுக் கணினியில் தினமும் 50 ஜிபி எழுதுகிறவர்களே குறைவு.

அப்படியானால் தரவு எப்படிப் போகிறது? டிரைவை விளிம்புவரை நிரப்பி வைப்பது, எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போவது, அழித்ததை மீட்டுவிடலாம் என்று நம்புவது, வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, பேக்கப் இல்லாமல் இருப்பது. தேய்மானம் நிஜமாகவே ஆளைக் கவிழ்க்கிற இடம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகவே விளங்கும். பிளாஷ் செல் என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மிகச் சிறிய இடம். ஒரு செல்லில் ஒரு பிட் வைத்தால் அது எஸ்எல்சி. அதற்கு இரண்டு மின்னழுத்த நிலைகள் போதும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சிக்கு 8 நிலைகளும், நான்கு பிட் வைக்கும் கியூஎல்சிக்கு 16 நிலைகளும் வேண்டும். நிலைகள் கூடக் கூட அவற்றுக்கிடையே இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. அதனால்தான் எஸ்எல்சி ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அழித்து எழுதுவதைத் தாங்க, டிஎல்சி சில ஆயிரம் முறையோடும், கியூஎல்சி பெரும்பாலும் ஆயிரத்தை ஒட்டியும் நின்றுவிடுகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம், பிளாஷில் எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. எழுதுவது பேஜ் பேஜாக நடக்கும். ஒரு பேஜ் பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. அழிப்பதோ பிளாக் பிளாக்காகத்தான் முடியும். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள் இருக்கும். எனவே நீங்கள் ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்தால், டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் புதிய பதிப்பை வேறொரு காலி பேஜில் எழுதி, பழையதைச் செல்லாதது என்று குறித்துக்கொள்கிறது. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்பதற்கு அது தனியாக ஓர் அட்டவணை வைத்திருக்கும். பிற்பாடு செல்லாத பேஜ்கள் நிறைந்த ஒரு பிளாக்கை எடுத்து, அதில் உயிரோடு இருக்கும் தரவை வேறு இடத்துக்கு மாற்றி, பிளாக்கை மொத்தமாக அழித்துக் காலியாக்கும். இந்த மாற்றி எழுதும் வேலையால், நீங்கள் 1 ஜிபி எழுதினால் உள்ளே 2 ஜிபியோ 3 ஜிபியோ எழுதப்படலாம்.

விளிம்புவரை நிரப்புவது

டிரைவில் காலி இடம் குறைந்தால் கன்ட்ரோலருக்குக் கைகால் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் இடம் கிடைக்கவே நிறையத் தரவை இடம் மாற்ற வேண்டியிருக்கும். டிரைவும் மெதுவாகும், தேய்மானமும் கூடும்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம் இருக்கிறது. டிஎல்சி, கியூஎல்சி டிரைவ்கள் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைக் காட்டுவதே ஒரு உத்தியால்தான். காலியாக இருக்கும் செல்களில் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் வைத்து எஸ்எல்சி போல வேகமாக எழுதிக்கொள்ளும். ஓய்வு கிடைக்கும்போது அதை மூன்று அல்லது நான்கு பிட்டாக மடித்து வைக்கும். கியூஎல்சியில் இப்படி 1 ஜிபியை வேகமாக வாங்கிக்கொள்ள 4 ஜிபி காலி இடம் வேண்டும். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்த வேகக் கிடங்கு சுருங்கிக்கொண்டே போகும். புதிதாக வாங்கியபோது பறந்த டிரைவ் இப்போது பெரிய ஃபைலை காப்பி செய்யும்போது பாதியில் நொண்டுகிறதே என்றால், முதலில் காலி இடத்தைப் பாருங்கள். 10 முதல் 20 சதவீதம் வரை எப்போதும் காலியாக இருக்கட்டும். போனுக்கும் இதே கதைதான்.

டிரிம் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் இருப்பது

நீங்கள் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் அது இயங்குதளத்துக்குத்தான் தெரியும், டிரைவுக்குத் தெரியாது. "இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளைதான் டிரிம். அது போய்ச் சேராவிட்டால், நீங்கள் என்றோ அழித்த தரவையும் உயிருள்ளதாக நினைத்து கன்ட்ரோலர் சுமந்து சுமந்து இடம் மாற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 7 வெளிவந்த 2009 முதல் விண்டோஸிலும், 2010 முதல் லினக்ஸ் கெர்னலிலும் டிரிம் இருக்கிறது. ஆகவே நேரடியாகக் கணினிக்குள் இருக்கும் டிரைவுக்குக் கவலை குறைவு.

பிரச்சினை ஓரங்களில்தான். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டிக்கு, பெட்டியில் இருக்கும் சிப்பைப் பொறுத்துத்தான் டிரிம் போகும். சில சிப்கள் அனுப்புவதே இல்லை. லினக்ஸில் முழு டிரைவையும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்திருந்தால், பாதுகாப்பு கருதி டிரிம் தடுக்கப்பட்டிருக்கலாம். நாமாகத்தான் அனுமதிக்க வேண்டும். இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் பற்றி ஒரு வார்த்தை. ஹார்டு டிஸ்க்கில் அது உதவியது, ஏனென்றால் அங்கே ஊசி போல ஒரு முனை ஓடி ஓடித் தேட வேண்டும். பிளாஷில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேள்விப்பட்டு விண்டோஸின் 'டிரைவ்களைச் சீரமை' என்ற வசதியையே அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எஸ்எஸ்டி என்று தெரிந்தால் அந்த வசதி முக்கியமாகச் செய்வது மொத்த டிரைவுக்கும் டிரிம் அனுப்புவதைத்தான்.

சின்னச் சின்னதாக, ஓயாமல் எழுதுவது

தேய்மானம் நிஜமாகவே கொல்லும் இடம் இதுதான். சிறிய பிளாஷ், அதில் இரவு பகலாக லாக் (நடப்பவற்றின் பதிவு) எழுதும் நிரல், யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி. மூன்றும் சேர்ந்தால் ஆபத்து.

ஒரு சென்சார் நொடிக்கு 100 பைட் எழுதுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 8.64 எம்பி. ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு நொடியும் அதை டிஸ்க்கில் உறுதி செய்யச் சொன்னால், 100 பைட்டுக்காக ஒரு முழு பேஜ் செலவாகும். பேஜ் 16 கேபி என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. இதோடு ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலையும் (மாற்றங்களின் குறிப்பேடு) ஃபைலின் நேர விவரத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதும். மலிவான மெமரி கார்டாக இருந்தால் அதன் கன்ட்ரோலர் உள்ளே இன்னும் பல மடங்கு இடம் மாற்றும். 8 எம்பி தரவு இப்படித்தான் பல ஜிபியாக வீங்குகிறது.

இது கற்பனைக் கணக்கு அல்ல. டெஸ்லா தன் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் ஏறத்தாழ 1,35,000 வண்டிகளை 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்ப அழைத்ததற்குக் காரணம், நடுத்திரையை இயக்கும் கணினியில் இருந்த 8 ஜிபி பிளாஷ் எழுதி எழுதித் தேய்ந்ததுதான். அது போனால் திரை மட்டும் போகவில்லை. பின்பக்கக் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கட்டுப்பாடும் போயின. அதனால்தான் அது பாதுகாப்புப் பிரச்சினை ஆனது.

தவிர்க்கும் வழி கடினமானதல்ல. லாக்கை முதலில் ராமில் சேர்த்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக எழுதுங்கள். கடைசி நிமிடத் தரவு போனால் பரவாயில்லையா என்பதை மட்டும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஃபைலைப் படிக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்கும் வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் தனி டிரான்சாக்‌ஷன் போடாதீர்கள். நூறு வரியை ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டால் பேஜ் செலவு வெகுவாகக் குறையும். தேவையானதைவிடப் பெரிய கார்டை வாங்குவதும் நல்ல உத்திதான், தேய்மானம் அதிக பிளாக்குகளில் பரவும்.

எம்பெடெட் வேலை, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கான வேலை, செய்பவர்களுக்கு இன்னொன்று. யூபிஐஎஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் கன்ட்ரோலர் இல்லாத வெறும் நேண்ட் பிளாஷ் சிப்புக்காக உருவானவை. தேய்மானத்தைப் பங்கிடும் வேலையை மென்பொருளே செய்யும். எஸ்டி கார்டுக்கும், போர்டிலேயே பொருத்தப்படும் இஎம்எம்சிக்கும் உள்ளேயே கன்ட்ரோலர் இருக்கிறது. அவற்றுக்கு எக்ஸ்ட்4 அல்லது எஃப்2எஃப்எஸ் தான் பொருத்தம். இதை மாற்றிப் போட்டுக் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன்.

'சேவ்' சொன்னால் எழுதிவிட்டது என்று நம்புவது

நீங்கள் சேமித்த தரவு முதலில் கணினியின் ராமில் நிற்கும். அடுத்து டிரைவின் சொந்த கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) நிற்கும். அப்புறம்தான் செல்லுக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால் வழியில் இருந்தது போச்சு. பிளாஷில் இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். ஒரே செல்லில் பல பிட்டுகள் இருப்பதால், புதிய பிட்டை எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால், அதே செல்லில் முன்பே பத்திரமாக இருந்த பழைய பிட்டும் கெடக்கூடும். சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர்கள் வைத்து, கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது இதற்காகத்தான். டேட்டாபேஸை வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பென்டிரைவை எஜெக்ட் செய்துவிட்டுப் பிடுங்குங்கள் என்ற பழைய அறிவுரையும் இன்னும் செல்லும்.

அலமாரியில் வைத்து மறப்பது

மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். மெமரி சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருஷம் தரவைக் காக்க வேண்டும். சர்வர் வகை 40 டிகிரியில் மூன்று மாதம். இதைப் படித்துவிட்டுப் பதறாதீர்கள். அது உத்தரவாத எல்லைவரை எழுதித் தேய்ந்த டிரைவுக்கான குறைந்தபட்ச அளவு. புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் கூடினால் கசிவு வேகமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரம் இருந்தாலும் இந்தக் கசிவு நிற்பதில்லை. 2014இல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில், பல வாரங்களாகத் தொடாமல் கிடந்த ஃபைல்களைப் படிப்பது மட்டும் மிக மெதுவானது. அதைச் சரிசெய்ய நிறுவனம் புதிய ஃபார்ம்வேர் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) வெளியிட வேண்டியிருந்தது. குடும்பப் புகைப்படங்களின் ஒரே பிரதியை பென்டிரைவில் போட்டு வைப்பது என்னைப் பொறுத்தவரை சேமிப்பே அல்ல. ஹார்டு டிஸ்க்கிலோ கிளவுடிலோ இன்னொரு பிரதி வேண்டும். பிளாஷில் இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறையாவது முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அழிப்பது பற்றிய இரண்டு எதிரெதிர் தவறுகள்

தெரியாமல் டெலிட் ஆனதை மீட்பு மென்பொருள் கொண்டுவந்துவிடும் என்று நம்புவது ஒன்று. டிரிம் போய்விட்ட எஸ்எஸ்டியில் பெரும்பாலும் திரும்பி வராது. இன்னொன்று, விற்பதற்கு முன் மேலே மேலே எழுதினால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்புவது. நீங்கள் எழுதுவது வேறு பேஜுக்குப் போகிறது, பழையது அங்கேயே கிடக்கலாம். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்து, ஹார்டு டிஸ்க்குக்கான தனி ஃபைல் அழிப்பு முறைகள் எதுவும் எஸ்எஸ்டியில் நம்பகமாக வேலை செய்யவில்லை என்று காட்டினார்கள். டிரைவுக்குள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் அல்லது சானிடைஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, முதல் நாளிலிருந்தே குறியாக்கம் செய்து வைப்பது. சாவியை அழித்தால் மீதி வெறும் குப்பை. அதிலும் டிரைவ் தானே செய்யும் குறியாக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பல பிரபல டிரைவ்களில் அதைக் கடவுச்சொல் இல்லாமலேயே உடைத்துக் காட்டினார்கள். இயங்குதளம் செய்யும் குறியாக்கம்தான் பாதுகாப்பு.

இனி மெமரி கார்டு வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. கார்டில் இருக்கும் வி30 என்ற குறி வீடியோவுக்கு, அதாவது தொடர்ச்சியாக நொடிக்கு 30 எம்பி எழுதும் என்பதற்கு. ஏ1, ஏ2 என்பவை ஆப்களைக் கார்டில் வைத்து ஓட்டுவதற்கு. வாங்கியதும் எஃப்3 போன்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 32 ஜிபி சிப்பை 512 என்று காட்டும் போலிகள் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

ஆரோக்கியச் சதவீதத்தை நம்பி உட்கார்ந்திருப்பது

டிரைவின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் கருவியில் 98 சதவீதம் என்று காட்டினால் தேய்மானம் 2 சதவீதம் என்றுதான் பொருள். கன்ட்ரோலர் எப்போது சாகும் என்று அந்த எண் சொல்லாது. பிளாஷ் டிரைவ் பெரும்பாலும் சத்தமோ திணறலோ இல்லாமல் ஒரேயடியாகப் போகும். சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கை இதற்குச் சரியான உதாரணம். அதன் சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது மூன்று வருஷம் 270 நாள் 8 மணி நேரத்தில், ஒரு ஃபார்ம்வேர் பிழையால் தரவோடு சேர்ந்து செத்துவிடும். ஒரே நாளில் சர்வரில் பொருத்திய டிரைவ்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும், பல டிரைவ்களைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் டிரைவ்களின் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் ஃபார்ம்வேர் அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாடல் டிரைவ்களை மட்டும் வைத்து ஒரு ரெய்டை நிரப்பாதீர்கள். பேக்கப் அந்தப் பெட்டிக்கு வெளியே, வேறொரு கருவியில் இருக்கட்டும்.