டென்ஹோம் எலியட்டைப் படம் படமாகப் பார்ப்பது எப்படி

இந்தியானா ஜோன்ஸ் படங்களில் அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்கஸ் பிராடியாக வருகிற பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். முகம் ஞாபகம் இருக்கும், பெயர் பலருக்கும் வராது. அவர்தான் டென்ஹோம் எலியட். 1949 முதல் 1992 வரை, சினிமாவும் தொலைக்காட்சியுமாக நூறுக்கும் மேற்பட்ட வேடங்களில் நடித்த பிரிட்டிஷ் குணச்சித்திர நடிகர். எங்கே தொடங்குவது, எதை எதற்குப் பிறகு பார்ப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.

முதலில், வருட வரிசையில் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், ஐம்பதுகளின் படங்களைத் தாண்டுவதற்குள் அலுத்துவிட்டது. ஒரு குணச்சித்திர நடிகரின் ஆரம்பகாலப் படங்கள் நமக்குச் சுவைக்க வேண்டுமென்றால் அவர் பிற்பாடு என்ன ஆனார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் 1983-இல் வந்த 'ட்ரேடிங் பிளேசஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள். ஃபிலடெல்ஃபியாவில் பணக்கார இளைஞன் வின்தோர்ப் வீட்டில் பட்லராக இருக்கும் கோல்மன் வேடம். முதலாளிகளான டியூக் சகோதரர்கள் பந்தயம் கட்டி வின்தோர்ப்பைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவன் தன் வீட்டு வாசலுக்கு வந்தால் சாவி சேரவில்லை, கதவைத் திறக்கும் கோல்மன் அவனை யாரென்றே தெரியாது என்கிறார். அந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டு எலியட்டின் முகத்தை மட்டும். பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், சொல்ல அவருக்கு மனமில்லை, வேலையும் போய்விடக் கூடாது. இந்த மூன்றும் அவர் முகத்தில் இருக்கும். அப்புறம் ரயில் காட்சியில் அதே மனிதர் ஐரிஷ் பாதிரியார் வேஷத்தில் மதுக்குப்பியோடு உட்கார்ந்திருப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இவருடைய வீச்சு பிடிபடும்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இது: குணச்சித்திர நடிகரை, எதிரில் இருப்பவர் பேசும்போது பாருங்கள். வசனம் எல்லோருக்கும் கிடைக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் தொழில் தெரியும். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் வருடம், வேடத்தின் பெயர், அவர் உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்கிறார், அடுத்தவர் பேசும்போது கண் எங்கே போகிறது, காட்சியிலிருந்து எப்படி வெளியேறுகிறார் என்று நாலே வரி. பத்துப் படம் ஆனதும் திருப்பிப் பார்த்தால் அவருடைய பழக்கங்கள் தாமாகவே தெரியத் தொடங்கும்.

இப்போது 1953-க்குப் போங்கள். 'தி க்ரூயல் சீ', இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு மல்லுக்கட்டும் ஒரு சிறிய போர்க்கப்பலின் கதை. எலியட் அதில் மோரெல் என்ற இளம் அதிகாரி. பார்க்கும் முன்பே அவர் வாழ்க்கையில் ஒரு பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1922-இல் லண்டனில் பிறந்தவர், ராடா நடிப்புப் பள்ளியில் சேர்ந்து நிலைக்காமல் வெளியே வந்து, போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். 1942 செப்டம்பரில், ஜெர்மன் துறைமுக நகரமான ஃப்ளென்ஸ்பர்க் மீது குண்டுபோடப் போன அவருடைய ஹாலிஃபாக்ஸ் விமானம் அடிபட்டு, சில்ட் தீவுக்குப் பக்கத்தில் வடகடலில் விழுந்தது. அவரோடு இன்னும் சிலர் பிழைத்தார்கள், ஜெர்மானியரிடம் பிடிபட்டார்கள். சைலீசியாவில் லாம்ஸ்டார்ஃப் போர்க்கைதி முகாமில் போர் முடிகிறவரை இருந்தார். அங்கேதான் சக கைதிகளைச் சேர்த்து நாடகக் குழு நடத்தினார். நடிப்புப் பள்ளியில் கிடைக்காத பயிற்சி முள்வேலிக்குள் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு 'தி க்ரூயல் சீ'யைப் பாருங்கள், குளிர்ந்த கடல் திரையில் வரும்போதெல்லாம் நடிகர்களில் ஒருவர் நிஜமாகவே அதில் விழுந்து எழுந்தவர் என்ற நினைப்பு விடாது. கையோடு 1965-இல் வந்த 'கிங் ராட்'டையும் பார்த்துவிடலாம், அது சிங்கப்பூரின் சாங்கி போர்க்கைதி முகாமில் நடக்கும் கதை, அதிலும் இவர் இருக்கிறார்.

'ஆல்ஃபி'க்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வேறு படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். 1966-இல் வந்தது. பிரிட்டனில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் அதற்கு அடுத்த வருடம்தான் நிறைவேறியது. மைக்கேல் கெய்ன் நடித்த ஆல்ஃபியின் வீட்டுக்கு, திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு செய்ய வருகிறவராக எலியட் வருவார். மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். அவரை வில்லனாகவும் காட்டவில்லை, பரிதாபத்துக்கு உரியவராகவும் காட்டவில்லை. களைத்துப்போன ஒரு மனிதர் வழக்கமான வேலையைச் செய்துவிட்டுப் போகிற மாதிரி வந்து போவார், அந்த வழக்கம்தான் நெஞ்சை அறுக்கும். படம் முடிந்து வெகுநேரம் எனக்கு அந்த முகம்தான் நினைவில் நின்றது.

சரி, அடுத்து எண்பதுகள். இங்கே அவசரமே வேண்டாம், அவருடைய அறுவடைக்காலம் இது. சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதைத் தொடர்ந்து மூன்று வருடங்கள் வாங்கினார்: 'ட்ரேடிங் பிளேசஸ்', 'எ பிரைவேட் ஃபங்ஷன்', 'டிஃபென்ஸ் ஆஃப் தி ரெல்ம்'. இரண்டாவது, போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்தில் யார்க்ஷயரில் கள்ளத்தனமாக ஒரு பன்றியை வளர்க்கும் நகைச்சுவைக் கதை, அதில் இவர் டாக்டர் ஸ்வாபி. மூன்றாவதில் குடித்துக் குடித்து ஓய்ந்துபோன வயதான பத்திரிகையாளர் வெர்னன் பெய்லிஸ். இளம் நிருபராக நடித்தவர் கேப்ரியல் பைர்ன். குழந்தைகளோடும் நாய்களோடும் நடிக்காதே என்று நடிகர்களிடையே ஒரு பழமொழி உண்டு, அந்தப் பட்டியலில் டென்ஹோம் எலியட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பைர்ன் சொன்னதாகச் சொல்வார்கள். பெய்லிஸ் இருக்கும் காட்சிகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும், பைர்ன் பேசும்போதும் கண் இவர் பக்கமே போகும்.

இதே காலத்தில் வந்த 'எ ரூம் வித் எ வியூ'வில் ஃப்ளாரன்ஸ் நகரத்து விடுதியின் சாப்பாட்டு மேசைக் காட்சியை விட்டுவிடாதீர்கள். ஜன்னலில் காட்சி தெரியாத அறை கிடைத்துவிட்டதே என்று இரண்டு ஆங்கிலப் பெண்கள் தங்களுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருக்க, அறிமுகமே இல்லாத எமர்சன் கிழவர், அதாவது எலியட், குறுக்கே புகுந்து எங்கள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நாகரிகம் தெரியாத மனிதர் என்று மேசையே உறைந்துபோகிறது. அவருக்கு அது உறைக்கவே இல்லை, உதவ வேண்டும் என்ற ஒரே எண்ணம். இந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்த வருடம் துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கியவர், அன்றைய ஆல்ஃபியான மைக்கேல் கெய்ன்.

இப்போது மார்கஸ் பிராடிக்குத் திரும்பலாம். 1981-இல் வந்த முதல் படத்தையும் 1989-இல் வந்த மூன்றாவது படத்தையும் ஒரே நாளில் பாருங்கள். முதலாவதில் பிராடி விஷயம் தெரிந்த, நிதானமான அறிஞர், கதையில் எல்லோரும் தேடுகிற பைபிள் காலத்துப் பேழையைப் பற்றி எச்சரிக்கும்போது நமக்கும் லேசாகப் பயம் வரும். மூன்றாவதில் அதே ஆள் சொந்த அருங்காட்சியகத்திலேயே வழி தவறுகிறவர், சந்தைக் கூட்டத்தில் யாருக்காவது ஆங்கிலம் தெரியுமா, பழங்கிரேக்கமாவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டு திரிவார். எழுத்து மாறிவிட்டது. ஆனாலும் இரண்டும் ஒரே மனிதர் என்று நம்ப முடிவதற்குக் காரணம் எலியட் மட்டுமே. நோட்டில் இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கடைசியாக 1992-இன் 'நாய்சஸ் ஆஃப்'. காது மந்தமான, குடிக்கிற ஒரு மூத்த நாடக நடிகராக வருவார். அதே வருடம் அக்டோபர் 6-ஆம் தேதி இபிசா தீவில் தன் வீட்டில், எய்ட்ஸ் தொடர்பான காசநோயால், 70 வயதில் இறந்தார். 2008-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தைப் போட்டால் கல்லூரி வளாகத்தில் மார்கஸ் பிராடிக்கு ஒரு சிலை நிற்கும். துரத்தல் காட்சி வேகமாகப் போகும், அந்த இடத்தில் நிறுத்திவைத்து அந்த முகத்தைப் பாருங்கள்.