60-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறதா மார்க்? தென்னாப்பிரிக்காவில் ஓ.டி. மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும் முறை

நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.) பட்டம் கையில் இருக்கிறது, பட்டத்துக்குப் பின் செய்ய வேண்டிய கட்டாய கம்யூனிட்டி சர்வீஸ் வருடமும் முடிந்துவிட்டது அல்லது முடியப் போகிறது, மாஸ்டர்ஸ் படிக்க ஆசை, ஆனால் மார்க் பட்டியல் 58, 59 என்று நிற்கிறது. டர்பன் பக்கம் நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்துக்கு வந்ததும் விண்ணப்பத்தையே திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். வார்டில் நோயாளியோடு உட்கார்ந்து பொறுமையாக வேலை செய்யத் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படி ஒதுங்கிப் போகிறார்கள்.

விண்ணப்பிக்கலாம். ஆனால் மார்க் நன்றாக உள்ளவர்கள் மாதிரி கடைசி வாரத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. ஆறேழு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

முதல் படி: எந்த வாசல் உங்களுடையது என்று பாருங்கள்

சைக்காலஜியோ வேறு பாடமோ படித்துவிட்டு ஓ.டி.க்கு வர நினைப்பவர்களும் என்னிடம் கேட்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேறு பட்டம் முடித்தவர்கள் முதுநிலையில் சேர்ந்து ஓ.டி. ஆகலாம். இங்கே அந்த வழி இல்லை, நான்கு வருட இளநிலைப் பட்டம்தான் வாசல். குவாசுலு-நட்டாலில் படிக்க வேண்டுமென்றால் மத்திய விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ. மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் பி.ஓ.டி. முடித்து இங்கே வந்தவர்கள் முதலில் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்காவில் பட்ட மதிப்பீடும், சுகாதாரத் தொழில் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவும் முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான்கு வருடம் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் பட்டம் 480 கிரெடிட், தேசியத் தகுதி அடுக்கான என்.க்யூ.எஃப்.-இல் 8-ஆம் நிலை. அதனால் ஹானர்ஸ் என்று தனியாக ஒரு வருடம் படிக்காமல் நேராக 9-ஆம் நிலையான மாஸ்டர்ஸுக்குப் போகலாம்.

இரண்டாவது படி: உங்கள் மார்க்கை நீங்களே கணக்குப் போடுங்கள்

மார்க் குறைவு என்று சொல்பவர்களில் நிறையப் பேர் சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. எல்லா மாட்யூலையும் கூட்டி வகுத்துவிட்டு 58 என்று மனசை விட்டுவிடுகிறார்கள். ஆனால் சராசரியைப் பெரும்பாலும் கிரெடிட் எடையோடுதான் பார்ப்பார்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நான்காம் வருடத்தில் ஒருவருக்கு 48 கிரெடிட் ஃபீல்டுவொர்க்கில் (நோயாளிகளோடு செய்யும் களப்பயிற்சி) 64, 32 கிரெடிட் ஆராய்ச்சித் திட்டத்தில் 66, 24 கிரெடிட் பாடம் ஒன்றில் 53, 16 கிரெடிட் பாடம் ஒன்றில் 51 என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கூட்டி நான்கால் வகுத்தால் 58.5 வரும். ஒவ்வொரு மார்க்கையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 7272, அதை மொத்தக் கிரெடிட்டான 120-ஆல் வகுத்தால் 60.6. ஆள் ஒருவர்தான், மார்க்கும் அதேதான், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

இதே மாதிரி மூன்றாம் வருடத்துக்கும் போடுங்கள். முதல் இரண்டு வருடம் உடற்கூறியலும் உடலியங்கியலும் பலரைக் கீழே தள்ளிவிடும். மூன்று, நான்காம் வருடம் ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை எண்ணோடு எழுதி வையுங்கள், பிறகு கடிதத்தில் தேவைப்படும். ஃபீல்டுவொர்க் மார்க்கையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: விதியை வரிவரியாகப் படியுங்கள்

பல துறைகள் 60 அல்லது 65 என்று ஒரு எண்ணைப் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'சாதாரணமாக' என்ற சொல் இருக்கிறதா, செனட்டோ துறையோ தன் முடிவின்படி சேர்த்துக்கொள்ளலாம் என்று கீழே வரி இருக்கிறதா, முன்அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் ஆர்.பி.எல். வழி இந்தப் படிப்புக்கு உண்டா, சராசரி என்பது கடைசி வருடத்தையா மொத்தப் படிப்பையா குறிக்கிறது? புரியவில்லை என்றால் துறை அலுவலகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

கோர்ஸ்வொர்க்கும் ஆய்வேடும் கலந்த மாஸ்டர்ஸ் ஒரு வகை, முழுக்க ஆய்வேடு மட்டும் எழுதுவது இன்னொரு வகை. கோர்ஸ்வொர்க்கில் இடம் குறைவு, ஒரே மாதிரி விண்ணப்பங்களை அடுக்கி வைத்து ஒப்பிடும்போது மார்க் முன்னால் வந்து நிற்கும். ஆய்வேட்டில் உங்கள் கேள்வியை எடுத்து வழிகாட்ட ஒரு மேற்பார்வையாளர் தயாரா என்பது பெரிய விஷயம். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஆய்வேட்டு வழிதான். தனியாக உட்கார்ந்து எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

நான்காவது படி: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 72 வாங்கியவரும் 59 வாங்கியவரும் ஒரே மேசையில் வரும்போது 59-ஐக் கையில் எடுக்க வைப்பது, அவர் தன் வேலையிலிருந்து கொண்டுவந்த கேள்வி மட்டும்தான்.

கேள்வியை நூலகத்தில் தேடாதீர்கள், உங்கள் வார்டில் தேடுங்கள். ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய ஒரு அம்மா. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் கிண்டுவது வருடாவருடம் அவர் வேலை. நாம் மருத்துவமனையில் அவருக்குச் சட்டை போடவும், பல் துலக்கவும், டீ போடவும் பழக்கி அனுப்புகிறோம். கூழ் கிண்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வேலையைப் பிரித்துப் பாருங்கள். பெரிய சட்டி, நீளமான துடுப்பு, இரண்டு கையும் சேர்ந்து பிடிக்க வேண்டும், கூழ் இறுக இறுக எதிர்ப்பு கூடும், பலவீனமான கை நழுவும், நெருப்புக்குப் பக்கத்தில் வெகுநேரம் நிற்க வேண்டும், உணர்வு குறைந்த கையில் சூடு பட்டால் உடனே தெரியாது. இவ்வளவுக்கும் நடுவில் பக்கத்தில் நிற்கும் பெண்களோடு பேச்சும் பாட்டும். அதை விட்ட பிறகு அவர் வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை என்றால், அங்கே ஒரு ஆய்வுக் கேள்வி இருக்கிறது: பக்கவாதத்துக்குப் பின் கோயில் வேலைகளுக்குத் திரும்புவதைச் சாட்ஸ்வர்த் பெண்கள் எப்படி அனுபவிக்கிறார்கள், எது தடுக்கிறது, எது உதவுகிறது?

இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் வேலை உம்லாசியிலோ ஃபீனிக்ஸிலோ இருக்கலாம், மனநல வார்டில் இருக்கலாம், பள்ளியில் இருக்கலாம். எங்கே ஒரு நோயாளிக்கு நம் வழக்கமான சிகிச்சை போதவில்லை என்று உங்களுக்கே உறுத்தியதோ அங்கே நில்லுங்கள்.

பிறகு இரண்டு பக்கத்தில் ஒரு கருத்துத்தாள் எழுதுங்கள். பிரச்சினை என்ன, இதைப் பற்றி ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறார்கள், உங்கள் கேள்வி, யாரிடம் எப்படிக் கேட்பீர்கள், யாருக்குப் பயன், அவ்வளவு போதும். தென்னாப்பிரிக்க ஓ.டி. சங்கமான ஓடாசாவின் ஆய்விதழை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கடந்த சில வருட இதழ்களைப் புரட்டாமல் கருத்துத்தாள் எழுத உட்கார வேண்டாம். அளவுகோலோ மாடலோ தேவைப்பட்டால் உங்களுக்குக் கை பழகியதையே எடுங்கள். நோயாளி தனக்கு முக்கியமான வேலைகளைத் தானே சொல்லி, செய்யும் திறனுக்கும் திருப்திக்கும் 1 முதல் 10 வரை மதிப்பிடும் சி.ஓ.பி.எம்., மனநலத்தில் தென்னாப்பிரிக்க ஓ.டி. வோனா டு டாய்ட்டின் படைப்புத்திறன் மாடல், இவையெல்லாம் நீங்கள் படித்தவைதான்.

ஐந்தாவது படி: மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள், படிவத்துக்கு முன்பே

துறையின் பக்கத்தில் ஒவ்வொருவரும் எதில் ஆய்வு செய்கிறார் என்று பார்த்து, உங்கள் கேள்விக்குக் கிட்டே இருப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மெயிலை எட்டுப் பேருக்கு அனுப்புவது உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் பக்கவாத வார்டில் வேலை செய்யும் ஓ.டி. நோயாளிகள் வீடு திரும்பிய பின் சமூக வேலைகளுக்குத் திரும்புவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் நோயாளிகளிடம் அதே சிக்கலைக் கோயில் வேலைகளில் பார்க்கிறேன். இரண்டு பக்கக் கருத்துத்தாள் இணைத்திருக்கிறேன். என் நான்காம் வருடச் சராசரி 59, உங்கள் துறை கேட்பது 60 என்பது தெரியும். இந்தக் கேள்வி உங்களுக்குப் பொருத்தமாகப் பட்டால் 20 நிமிடம் பேச முடியுமா?"

மார்க்கை நீங்களே முதலில் சொல்லிவிட்டீர்கள். பிறகு படிவத்தில் பார்த்து அவர் அதிர வேண்டியதில்லை, உங்களுக்கும் பயமில்லாமல் பேச வரும். இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

ஆறாவது படி: விண்ணப்பக் கடிதம்

மார்க்குக்கு விளக்கம் இரண்டு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். "என் குடும்பத்தில் நடந்த துயரமான சம்பவங்களாலும் பொருளாதார நெருக்கடியாலும் என் கவனம் சிதறியது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. "இரண்டாம் வருடம் அப்பாவின் நோயால் வார இறுதியெல்லாம் வேலைக்குப் போனேன், அந்த வருடச் சராசரி 53. மூன்றாம் வருடம் 57, நான்காம் வருடம் 59" என்று எழுதினால் காரணமும் தெரிகிறது, ஏறி வந்ததும் தெரிகிறது. காரணம் எதுவும் இல்லை, பாடம் கஷ்டமாக இருந்தது என்றால் காரணத்தை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் சொல்லுங்கள். பொய்க் கதை கட்ட வேண்டாம்.

மிச்ச இடம் முழுவதும் வேலைக்கும் கேள்விக்கும். கம்யூனிட்டி சர்வீஸில் நீங்களே தொடங்கியது ஏதாவது இருக்கும்: கிளினிக்கில் கைக்கட்டு (ஸ்பிளிண்ட்) தயாரிக்கும் நாள், பராமரிப்பாளர் குழு, சுலு மொழியில் ஒரு வீட்டுப் பயிற்சித் தாள். அதில் ஒன்றை எடுத்து ஏன் செய்தீர்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். நோயாளியை யாரும் அடையாளம் காண முடியாதபடி எழுதுங்கள், தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இதற்கும் பொருந்தும்.

ஏழாவது படி: பரிந்துரை

பெரிய பெயர் வேண்டும் என்று உங்களைத் தெரியாத பேராசிரியரிடம் போக வேண்டாம். உலக ஓ.டி. கூட்டமைப்பின் விதிப்படி நாம் ஒவ்வொருவரும் குறைந்தது 1000 மணி நேரம் ஃபீல்டுவொர்க் செய்துதான் பட்டம் வாங்கியிருக்கிறோம். அந்த மணி நேரத்தில் உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். இப்போதைய மேலாளர் இரண்டாவது ஆள். இருவருக்கும் கருத்துத்தாளையும் மார்க் பட்டியலையும் அனுப்பி, "என் மார்க் எல்லைக்கோட்டில் இருக்கிறது, நான் எப்படிச் சிந்திக்கிறேன் என்பதைப் பற்றி எழுத முடியுமா" என்று நேராகவே கேளுங்கள். ஒரு மாத அவகாசம் கொடுங்கள், மருத்துவமனையில் யாருக்கும் நேரம் இல்லை.

எட்டாவது படி: காகிதங்கள்

மார்க் பட்டியல், பட்டச் சான்று, நடப்பு ஹெச்.பி.சி.எஸ்.ஏ. பதிவு, சி.வி., அடையாள அட்டை நகல், கேட்டால் நற்சான்று. ஹெச்.பி.சி.எஸ்.ஏ.விடமிருந்து வாங்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுங்கள், காத்திருக்க வேண்டி வரலாம். உதவித்தொகைக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப்.-ஐ மட்டும் நம்பியிருக்க வேண்டாம், அங்கேயும் மார்க் பார்ப்பார்கள். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்க முடியுமா, படிப்பு விடுப்பு கிடைக்குமா என்று மேலாளரிடம் இப்போதே பேசுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால்

மார்க்கா, கருத்துத்தாளா, மேற்பார்வையாளர் இல்லாததா, எது காரணம் என்று எழுதிக் கேளுங்கள். மேற்பார்வையாளர் இல்லை என்றால் அதே தாளோடு வேறு பல்கலைக்கழகம் போகலாம், கேப் டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா என்று இடங்கள் இருக்கின்றன. மார்க்தான் என்றால் முதுநிலை டிப்ளமோவைப் பாருங்கள். 120 கிரெடிட், 8-ஆம் நிலை, பிரிட்டோரியாவில் கை சிகிச்சைக்கும் தொழில் மறுவாழ்வுக்கும் டிப்ளமோ உண்டு. அதில் 65-க்கு மேல் வாங்கினால் அடுத்த விண்ணப்பத்தில் முதலில் தெரிவது அந்தப் புது மார்க். டிப்ளமோ படிக்கும் வருடத்திலும் கருத்துத்தாளைக் கையில் வைத்திருங்கள், வார்டில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் திருத்துங்கள், முன்பு பதில் போட்ட மேற்பார்வையாளருக்குத் திருத்திய தாளை அனுப்பிவிட்டு அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று கேளுங்கள்.