வலப்பக்க அச்சை நம்பிக் கெட்ட கதை

புதிதாகச் சேர்ந்தவர்கள் வரையும் படங்களைச் சரிபார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. போன வாரம் ஒருவர் வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் ஒரே படத்தில் ஏற்றி, இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு என்று கொண்டுவந்தார். படத்தை வரையும் நிரலைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அலகு எழுத மறப்பது, அச்சுக்குப் பெயர் வைக்காமல் விடுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள், நான் தொடப்போவதில்லை.

பெருக்கிய எண் ஒன்று, வகுத்த எண் வேறு

ஆர் மொழியில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-வில் இரண்டாம் அச்சு என்பது தனி அச்சே இல்லை. எல்லாப் புள்ளிகளும் இடப்பக்க அளவில்தான் விழும். இரண்டாம் அச்சுக்கான செக்_ஆக்சிஸ் கட்டளை வலப்பக்கம் வேறு எண்களை எழுதி ஒட்டும், அவ்வளவுதான். தரவைப் பெருக்கி இடப்பக்க அளவுக்குக் கொண்டுவருவதும், அதே எண்ணால் அச்சில் திருப்பி வகுப்பதும் நம் பொறுப்பு.

என் மோட்டார் சோதனையில் வெப்பநிலை 80 டிகிரி வரை, மின்னோட்டம் 4 ஆம்பியர் வரை. மின்னோட்டத்தை 20-ஆல் பெருக்கினேன், அச்சில் 20-ஆல் வகுத்தேன். சரியாகவே இருந்தது. பிறகு 8 ஆம்பியர் இழுக்கும் பெரிய மோட்டார் வந்தது. கோடு 160 வரை ஏறி, வெப்பநிலையைக் கீழே நசுக்கிவிட்டது. பெருக்கும் எண்ணை 10 ஆக்கினேன். படம் கச்சிதமாக அமைந்தது. அச்சில் இருந்த 20-ஐத் தொடவில்லை. 8 ஆம்பியர் போய் 80-இல் விழுந்தது, அதற்கு நேரே வலப்பக்கம் 4 என்று இருந்தது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. ஏன் வரப்போகிறது? கணக்கு சரி, பொருள்தான் தப்பு.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். முழுப் பளு ஏற்றியதும் எரிந்தது. வயரிங்கைப் பிரித்து, மோட்டாரைக் கழற்றி, இரண்டு நாள் தேடினோம். படத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை; வரைந்த எனக்கும்தான்.

புதியவரும் அந்த எண்ணை இரண்டு இடத்தில் கையால் தட்டியிருந்தார். “இப்போ ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்கு?” என்கிறார். எனக்கும் முதல் நாள் ஒன்றாகத்தான் இருந்தது! எண்ணை ஒரே மாறியில் வையுங்கள். பெருக்கலும் வகுத்தலும் அதிலிருந்தே எடுக்கட்டும். பிறகு அட்டவணையின் உச்ச மதிப்பை எடுத்து, வலப்பக்க அச்சில் அதே எண் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அரை நிமிட வேலை.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்

அதற்குப் பொருளே இல்லை. ஓர் அச்சின் எல்லையை மாற்றினால் வேறெங்கோ வெட்டும்.

செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்

ஒரே தரவை இரண்டு அலகில் காட்ட, பைதான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் வலப்பக்கம் தனி அச்சு சேர்க்கும் ட்வின்எக்ஸ் வேண்டாம். அதில் இரு அச்சின் எல்லைகளும் தனித்தனி; 0–100, 32–212 என்று கையால் பொருத்தினாலும் ஒன்றை மாற்றியதும் மற்றது அப்படியே நிற்கும். அதே தொகுப்பின் செகண்டரி_ஒய்ஆக்சிஸில் மாற்றும் சூத்திரத்தையும் திருப்பும் சூத்திரத்தையும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

லெஜண்ட்

ட்வின்எக்ஸில், எந்தக் கோடு எது என்று சொல்லும் இந்தப் பெட்டியில் ஒரு பக்கக் கோடுகள்தான் வரும். இரு பக்கத்தையும் திரட்டிக் கொடுங்கள்.

கிரிட்

பின்னணிக் கட்டக் கோடுகளை ஒரு பக்க அச்சுக்கு மட்டும் போடுங்கள்.

வலப்பக்க அச்சு வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். நேர அச்சைப் பொதுவாக வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு படம். புதியவரை அப்படித்தான் மறுபடி வரையச் சொன்னேன்; பெருக்கல் வரியையே அழித்துவிட்டார்.