வட்டார வளர்ச்சிப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தலைமைப் பயிற்சி: களத்திலேயே நடத்துவது எப்படி?

மாவட்டத் தொழில் மையம், வாழ்ந்து காட்டுவோம் திட்டம், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று எதில் சேர்ந்தாலும், வட்டாரப் பொருளாதாரத்தை வளர்க்கும் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும். அவர்கள் சொன்னால் கேட்டே ஆக வேண்டியவர் அங்கே யாருமில்லை. பட்டறைக்காரர், வங்கி மேலாளர், மின்வாரிய உதவிப் பொறியாளர் எல்லோரும் அவரவர் வழியில் போகிறவர்கள். கையில் அதிகாரம் இல்லாமல் இவர்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையில் தலைமை. இரண்டு நாள் பவர்பாயின்ட் காட்டி இதைக் கற்றுத்தர முடியாது.

நாங்கள் நடத்திப் பார்த்து, பலன் தந்த மூன்று மாத முறையை இங்கே எழுதுகிறேன். புதியவர்கள் நான்கைந்து பேரும், வழிகாட்ட ஒரு மூத்தவரும் போதும். திட்டங்களும் மானிய விதிகளும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே ஒரு தொழிலைப் பிடியுங்கள்

சின்னதாக, ஒரே ஊருக்குள் அடங்குவதாக இருக்கட்டும். திண்டுக்கல் பூட்டு நல்ல உதாரணம். 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப்பூர்வ அடையாளம், கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டுகளின் விலையோடு கைவேலைப் பட்டறைகள் இன்னும் மல்லுக்கட்டுகின்றன. இப்படி உயிரோட்டமான சிக்கல் இருக்கும் இடத்தில்தான் புதியவர் கற்றுக்கொள்வார். திருப்பூர் மாதிரி பெரிய இடம் ஆரம்பத்துக்கு வேண்டாம். அங்கே 1990 முதலே ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது. புதியவர் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுவார்.

படி 2: படிவம் இல்லாமல் போய் உட்காருங்கள்

முதல் மூன்று வாரம் பட்டறை பட்டறையாகப் போவது மட்டும்தான் வேலை. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பதிவே செய்யாத சிறு பட்டறைகள் ஏராளம். சரக்கு தரும் கடைக்காரர், கூலிக்குச் செய்து கொடுப்பவர், லாரி புக்கிங் அலுவலகம் ஆகியவர்களையும் பாருங்கள். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

கருவி விஷயத்தில் என் கட்சி தெளிவானது: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கையில் டேப்லெட்டைப் பார்த்ததும் கணக்கெடுப்புக்கு வந்த ஆள் என்று நினைத்து, உண்மையான தொகையைச் சொல்ல மாட்டார்கள். இரவில் எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றினால் போதும். டாஷ்போர்டு எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

படி 3: முதல் கூட்டம்

எனக்குப் பிடிபட நெடுநாள் ஆன படி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருப்பவர்களை ஒரே பாயில் உட்கார வைப்பது லேசில்லை. 'நான் வந்தால் என் விலையைத் தெரிந்துகொள்வான்' என்ற பயம் நியாயமானது.

முதலில் நாள். சனிக்கிழமை சம்பள நாள், யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு கல்யாணம், காதுகுத்து. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளைப் பிடியுங்கள். எந்திரம் ஓடாது, முதலாளிகள் சும்மா இருப்பார்கள், அறிவிப்பும் முன்கூட்டியே வந்துவிடும்.

அடுத்து இடம். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கு வேண்டவே வேண்டாம். அங்கே வந்தால் கையில் மனுவோடுதான் வருவார்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, யாருடைய பட்டறையும் அல்லாத இடம் எதுவானாலும் சரி.

அழைப்பு உங்கள் பெயரில் போகக் கூடாது. படி 2-ல் ஊர் முழுக்க மதிக்கும் நடுத்தர ஆள் ஒருவரை அடையாளம் கண்டிருப்பீர்கள். அவர் வாயால் போகட்டும். பெரிய முதலாளியை முந்தின நாளே வீட்டில் போய்ப் பாருங்கள். "அண்ணே, நீங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. கடைசியா பேசுங்க" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அது அவருக்கு மரியாதைதானே.

கூட்டத்தில் பயிற்சியில் இருப்பவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. கேள்வியும் ஒன்றுதான்: "போன மாசம் எதுல காசு வீணாச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அமைதி நீளும். புதியவர்கள் பதறிப்போய் மானியத் திட்டங்களை அடுக்க ஆரம்பிப்பார்கள். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாலேயே தடுக்க வேண்டிய இடம் இது. யாராவது ஒருவர் பேசியே தீருவார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே சார்ட்டில் எழுதுங்கள்.

படி 4: முப்பது நாளில் முடியும் ஒரு கூட்டு வேலை

எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் எந்திரங்களோடு பொது வசதி மையம் கட்டலாம் என்று உடனே ஆசை வரும். மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டத்தில் அதற்குப் பெரிய மானியம் உண்டுதான். ஆனால் உறுப்பினர்கள் தனி நிறுவனம் தொடங்கி, தங்கள் பங்கையும் போட்டு, விரிவான திட்ட அறிக்கை தர வேண்டும். இன்னும் ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் அதைத் தாங்க மாட்டார்கள். ஒரு மூலப்பொருளைச் சேர்ந்து வாங்குவது, டிரான்ஸ்ஃபார்மர் மாற்றக் கேட்டுக் கூட்டாக மனு கொடுப்பது போன்ற வேலைகளில் தொடங்குங்கள்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பயிற்சியில் ஒரு முழு மாலை பேசுங்கள். கரிசல் மண் கடலை, தாமிரபரணித் தண்ணீர் என்று 'எங்கள் பொருள் இன்னது' என எழுதிக் கொடுத்தால்தான் அந்த அடையாளம் கிடைக்கும். ஒரே தெருவில் போட்டி போட்டு விற்பவர்கள் இதில் ஒன்றுபடுவது எவ்வளவு பெரிய காரியம்! எதிர்ப் பக்கத்துக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பேசலாம். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு அங்கே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. தாமாக ஒன்றுகூடித் தீர்க்காததை வெளியிலிருந்து ஒரு ஆணை தீர்த்தால் எத்தனை பேர் பிழைப்பு அடிபடும் என்று புதியவர்களே கணக்குப் போடட்டும்.

படி 5: வாரம் ஒரு மணி நேரம்

1964-ல் டேவிட் மெக்லெலண்ட் என்ற உளவியலாளரின் குழு, ஹைதராபாத்தில் காக்கிநாடா வணிகர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தியது. அதில் வந்தவர்கள் தங்கள் இலக்கைத் தாங்களே எழுதினார்கள். பிறகு புது முதலீடு போட்டதும் ஆள் சேர்த்ததும் பதிவாகியிருக்கிறது. அதே வழிதான் இங்கும்: வாராந்திரக் கூட்டத்தில் புதியவர் தன் இலக்கைத் தேதியோடு எழுதட்டும். மூத்தவர் கோப்பைக் கேட்க வேண்டாம். "இந்த வாரம் யார் தானாக உனக்கு போன் பண்ணினாங்க?" என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை கூடுகிறதா என்பதே போதுமான மதிப்பீடு.

பின்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. மின்தடை நாளில் மண்டபத்தில் ஃபேன் ஓடாதே? சித்திரை, வைகாசியில் மரத்தடி, அல்லது ஜெனரேட்டர் உள்ள கல்யாண மண்டபம். பெண்கள் நடத்தும் தொழிலானால் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள்; பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

எங்களுக்குக் கடன் விண்ணப்ப இலக்குத்தான் முக்கியம், இதற்கு எங்கே நேரம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். படி 2-ல் பார்த்த பட்டறைகளிலிருந்தே விண்ணப்பங்கள் வரும். மேலதிகாரியிடம் அனுமதி கேட்கும்போது முதலில் அதைச் சொல்லுங்கள், கூட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.