வேறு வேறு வீட்டிலிருந்து சேர்ந்து பாட நாங்கள் கண்ட வழி

திருநகரில் நானும் மேலூரில் மதினியும் வீடியோ காலில் கரோக்கி பாடினால் பல்லவி முடிவதற்குள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சேர்ந்து பாட, குரல் சுமார் 30 மில்லிநொடிக்குள் போய்ச்சேர வேண்டும், வீடியோ காலில் அதைவிடப் பல மடங்கு ஆகிறது. புளூடூத் இயர்போன் தன் பங்குக்கு இன்னும் 100, 200 மில்லிநொடி சேர்க்கும், அதனால் முதலில் வயர் இயர்போனுக்கு மாறினோம். ஜாமுலஸ் போன்ற, சேர்ந்து பாடுவதற்கான கணினி மென்பொருள் இந்தத் தாமதத்தை நன்றாகவே குறைக்கும், ஆனால் மதினியிடம் கணினி கிடையாது.

சரி என்று இப்படிச் செய்தோம். கரோக்கி டிராக்கை ஓடவிட்டு நான் பாடுவேன், காதில் விழுவதோடு மதினி சேர்ந்து பாடுவார், அவர் குரலை என் பக்கம் மியூட் செய்துவிடுவேன். அவருக்கு எல்லாம் ஒன்றாகக் கேட்கும், எனக்குத்தான் அவர் பாட்டே கேட்காது! அதற்காக அவர் தன் குரலை அண்ணன் போனில் தனியாகப் பதிந்து அனுப்புகிறார். பாடுமுன் ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் தட்டுவேன், மூன்றாவதில் அவரும் தட்டுவார். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், என் பதிவிலும் அவர் பதிவிலும் உள்ள அந்த மூன்றாவது தட்டல் இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி ஒரு டிராக்கை நகர்த்தினால் வேலை முடிந்தது. அப்புறம், ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட மறக்காதீர்கள், இல்லையென்றால் இசையை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். குக்கர் விசிலை மட்டும் அது ஏனோ விட்டுவிடுகிறது.