மூன்றாம் பருவக் கணித அரியரை நான் முடித்த விதம்

பொறியியல் படிப்பின் மூன்றாம் பருவக் கணிதத் தாளில் தவறிய நான், மறுமுறை எழுதியபோதும் தவறினேன். முழுப் புத்தகத்தையும் திரும்பத் திரும்பப் படிப்பதே வழி என்று நம்பியிருந்த என்னை, எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த மாணவர் ஆலோசகரான பேராசிரியை அழைத்து, விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். மறுமதிப்பீட்டுக்கு மட்டுமே அது உதவும் என்று நினைத்திருந்தேன்.

நகலை மேசையில் விரித்து, ஒவ்வொரு 16 மதிப்பெண் விடையிலும் எந்த வரியில் பிழை தொடங்குகிறது என்று பென்சிலால் குறிக்கச் செய்தார். ஒரு சார்பை சைன், கோசைன் உறுப்புகளின் கூட்டாக எழுதும் ஃபூரியர் தொடரின் சூத்திரங்களை நான் சரியாகவே எழுதியிருந்தேன். அந்த உறுப்புகளைப் பெருக்கும் எண்களான கெழுக்களைக் காண்பதற்கான பகுதித் தொகையிடலில்தான் (integration by parts) குறிகள் மாறிப்போயிருந்தன. பள்ளியிலேயே ஊன்றியிருக்க வேண்டிய அந்தப் பகுதியை வெறும் மனப்பாடமாகக் கடந்து வந்ததைச் சொல்லத் தயங்கினேன். அவர் அதைக் குறையாகவே கருதவில்லை என்பதை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

அடுத்த 3 வாரங்கள் பகுதித் தொகையிடலைத் தொடர்ச்சியாகச் செய்ய உதவும் பெர்னோலி சூத்திரத்தில் மட்டும் நாளொன்றுக்கு 10 கணக்குகள் போட்டேன். கணக்கைத் தொடங்குமுன் சார்பு இரட்டையா (x-க்குப் பதில் −x இட்டாலும் மதிப்பு மாறாதது) ஒற்றையா (குறி மட்டும் மாறுவது) என்று பார்க்கவும் பழக்கினார்: பூச்சியத்துக்கு இருபுறமும் சமமான இடைவெளியில் சார்பு இரட்டையாக இருந்தால் சைன் கெழுக்கள் அனைத்தும் பூச்சியமாகிவிடுவதால், வேலையோடு பிழைக்கான வாய்ப்பும் குறைகிறது. வெள்ளிதோறும் நோட்டைக் காட்டினேன்.

அடுத்த தேர்வில் தேறினேன். நகலுக்கு விண்ணப்பிக்கும் அவகாசம் முடிவுகள் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். ஆகவே வருத்தம் ஆறும்வரை காத்திராமல் உடனே விண்ணப்பித்து, அந்தத் தாளோடு ஆலோசகரைச் சென்று பாருங்கள்.