பாகம் பிரிச்சப்ப கோழிகள இடம் மாத்துன கதையும் முறையும்

அப்பா போனப்பறம் காங்கயம் பக்கத்துல இருந்த தோட்டத்தப் பாகம் பிரிச்சோமுங்க. சாளையும் (தோட்டத்து வீடு) பொடக்காலியும் (வீட்டுக்குப் பின்னாடி எடம்) அண்ணனுக்கு, அம்மா என்கூட பெருந்துறைக்கு வர்றதா முடிவு. மாடு, நகை, போர் தண்ணி எல்லாத்துக்கும் கணக்குப் போட்டவங்க அம்மாவோட 14 கோழியப் பத்தி வாயே தொறக்கல. சாமான் ஏத்துன அன்னைக்கு மத்தியான வெயில்ல தொரத்தித் தொரத்திப் புடிச்சா 6 தான் கெடச்சுது, சேவல் பக்கத்துக் காட்டுக்குள்ள பூந்தது பூந்ததுதான். மீதி 7 ஐ அடுத்த மாசம் போய் ஒழுங்கா கொண்டாந்தேன், அந்த முறையத்தான் இப்ப சொல்றேன்.

1) மொதல்ல பேசிருங்க. கோழி யாருது, இடம் ரெடியாகற வரைக்கும் ஆரு தீனி போடறது, இதெல்லாம் வெளிப்படையா. இல்லீன்னா ஒரம்பரை (விருந்தாளி) வந்த அன்னைக்கு ஒண்ணு கொழம்பாயிரும், அப்பறம் அதுக்கு ஒரு சண்டை. நான் அண்ணிகிட்ட நேராப் போய்க் கேட்டேன், முட்டைய நீங்களே எடுத்துக்குங்கன்னேன், முடிஞ்சுது.

2) வெள்ளைக்கழிச்சல்ங்கற கோழி நோய்க்குத் தடுப்பூசி. 8 வாரம் தாண்டுன கோழிக்கு கால்நடை மருந்தகத்துல போடுவாங்க. இடம் மாத்தறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுருங்க, அலைச்சல்ல கோழிக்கு எதிர்ப்பு சக்தி கொறையும். சொணங்கிக் கெடக்கற கோழிக்குப் போடாதீங்க.

3) கூண்டு. கோழிய ஏத்தறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சிருக்கணும். ஒரு கோழிக்கு 2 சதுர அடி, ஒக்கார ரெண்டடி ஒசரத்துல ஒரு மரக்குச்சி. பச்சைக் கோழிவலை நாயையும் கீரியையும் தடுக்காதுங்க, அரை இஞ்ச் வெல்டு மெஷ் (பத்த வெச்ச கம்பி வலை) வாங்கி ஒரு அடி மண்ணுக்குள்ள பொதைங்க.

4) அடைக்கோழி இருந்தா பொறுங்க. 21 நாள் கணக்கு, பாதி தாண்டிருச்சுன்னா குஞ்சு பொரியட்டும். மொதல் தடவ நாங்க போட்ட கூச்சல்லயே ஒண்ணு முட்டைய உட்டுட்டு எந்திரிச்சிருச்சு, அத்தனையும் வீணாப் போச்சு.

5) புடிக்கறது. இதுலதான் எல்லாரும் தப்புப் பண்றது. பகல்ல தொரத்தவே கூடாது. பொழுது எறங்கி கோழி அடைஞ்சு, நல்லா இருட்டுனதுக்கு அப்பறம் போங்க, கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாது, பூப்பறிக்கற மாதிரி ரெண்டு கையாலயும் றெக்கையோட சேத்து அமுக்கித் தூக்கலாம். காலக் கட்டி வண்டி ஹேண்டில்ல தலைகீழாத் தொங்க உடறாங்களே, அது வேண்டாமுங்க, கோழிக்கு நம்மாட்ட நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசை (உதரவிதானம்) கெடையாது, கொடலெல்லாம் காத்துப்பை மேல எறங்கி மூச்சு முட்டும். தக்காளி கிரேட்ல மூணு, மிஞ்சுனா நாலு, அடியில வைக்கோல், மேல வலை. தீனி சாயங்காலத்தோட நிறுத்திருங்க, தண்ணி மட்டும் கடைசி வரைக்கும் இருக்கட்டும். ராத்திரியே கெளம்பிருங்க, கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து எளைச்சுத்தான் சூட்ட எறக்கும்.

6) போய்ச் சேந்ததும் இருட்டுலயே குச்சி மேல ஒக்கார வெச்சுருங்க. 10 நாள் அடைச்சே வெச்சு அங்கயே தீனி தண்ணி. அப்பறம் பொழுது எறங்க ஒரு மணி நேரம் இருக்கறப்ப, பசியோட தொறந்து உடுங்க, இருட்டுனா தானா உள்ள வந்துரும். ஒண்ணு ரெண்டு வாரம் முட்ட நிக்கும், அதுக்குப் பயந்துக்க வேண்டியதில்ல.

7) ஏற்கனவே அங்க கோழி இருந்தா புதுச ரெண்டு மூணு வாரம் தனியா வெச்சு, நோய் ஒண்ணுமில்லைன்னு பாத்துட்டு, நடுவுல வலையோட பக்கத்துல உட்டுப் பழக்குங்க. எங்க 6 ம் 7 ம் ஒரே பொடக்காலில ஒட்டுக்கா வளந்ததுதான், ஒரு மாசம் பிரிஞ்சு இருந்ததுக்கே ஆரோ எவரோன்னு கொண்டையப் புடிச்சுக் கொத்திக்கிச்சு. தீனித்தட்டு ரெண்டு வெச்சதுக்கு அப்பறந்தான் அடங்குச்சு, அதுக்கே நாலு நாள் ஆச்சு.